டீச்சரிடம் கேளுங்கள்: உங்கள் வீட்டுத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

இந்த மாதம் தண்ணீர் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சித்தூர் தாலுகாவிலிருந்துதான்: கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, நாட்டுக்கல், வண்ணாமடை. கேரளம் என்றாலே மழையும் ஆறும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் நமக்குத்தான் தெரியும், இங்கே மழை எவ்வளவு குறைவு, போர் எவ்வளவு ஆழம் என்று. முப்பது வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தக் கேள்விகள் எனக்குப் புதிதில்லை.

*

டீச்சர், போன வாரம் வாட்டர் ஃபில்டர் விற்க ஒருவர் வந்தார். எங்கள் போர் தண்ணீரை ஒரு டம்ளரிலும், அவர் கொண்டுவந்த தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் ஊற்றினார். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி கரண்ட் கொடுத்தார். இரண்டே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் செம்மண் குழம்பு மாதிரி ஆகிவிட்டது. அவருடையது அப்படியே தெளிவாக இருந்தது. "இதையா குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆர்.ஓ. மெஷின் 16,000 ரூபாய். நகையை வைத்தாவது வாங்கிவிடட்டுமா? பையனுக்கு நாலு வயது.
— எருத்தேன்பதியிலிருந்து ஒரு வாசகி

நகையை எடுத்துப் பத்திரமாக உள்ளே வையுங்கள், அம்மா. டம்ளரில் நீங்கள் பார்த்த அந்தச் செம்மண் உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை. அது அவருடைய கம்பியிலிருந்து வந்தது.

அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு. தண்ணீரில் கரண்ட் ஓடினால் இரும்பு கரைந்து துருவாகிக் கலங்கும். கரண்ட் ஓட வேண்டுமென்றால் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்க வேண்டும். நம் போர் தண்ணீரில் அது தாராளமாக இருக்கிறது, அதனால் வேகமாக ஓடியது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, அதனால் ஓடவில்லை. அவர் மறுபடி வந்தால், அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, அதே கருவியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் செம்மண் குழம்பாகும். ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பில் இரண்டு ஆணியும் ஒரு பேட்டரியும் வைத்து இதைச் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு தாயைப் பயமுறுத்தி விற்கிற வேலை இது. எனக்குக் கோபம் வருகிறது.

சரி, அப்படியானால் உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீரா? அதை நானும் சொல்ல முடியாது, அந்த டம்ளரும் சொல்லாது. நம் பகுதியில் பயப்பட வேண்டிய பொருளுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. அதன் பெயர் ஃபுளோரைடு. நமக்குக் கீழே இருக்கும் பாறையிலிருந்தே அது தண்ணீரில் கரைந்து வருகிறது. கிணறு வற்றி, போரை ஆழப்படுத்திக்கொண்டே போகும்போது பெரும்பாலும் அளவு கூடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டிலிருந்து அக்காவும் தங்கையும் எங்கள் பள்ளியில் படித்தார்கள். அக்காவின் பற்கள் பளிச்சென்று இருக்கும். தங்கை வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள், நடுநடுவே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டுகள். ஒரே அம்மா, ஒரே சாப்பாடு, ஒரே பல்பொடி. விசாரித்தேன். அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் கிணற்றுத் தண்ணீர். தங்கை பிறந்த வருடம் கிணறு வற்றி போர் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகும் காலத்தில், அதாவது சுமார் எட்டு வயது வரை, ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீரைக் குடித்தால் பல்லில் விழும் கறை பிறகு எந்தப் பல்பொடியாலும் போகாது. பல வருடம் தொடர்ந்து அதிக அளவில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். உங்கள் பையனுக்கு நாலு வயது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 அளவுகோல்படி, ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். விற்பனைக்காரர் கையில் வைத்திருக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டாது. கரைந்திருக்கும் உப்பு எல்லாம் சேர்ந்து தோராயமாக எவ்வளவு என்றுதான் அது சொல்லும். மீட்டரில் 400 என்று வந்தால், அந்த 400-ல் ஃபுளோரைடு அரையா, மூன்றா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே முதலில் சோதனை. மாவட்டத்தில் வாட்டர் அத்தாரிட்டியின் தரப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் பொதுமக்களின் தண்ணீரையும் சோதித்துக் கொடுப்பார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டி வைத்துத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வார்டில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று பஞ்சாயத்து மெம்பரிடம் கேளுங்கள். பெட்டியில் செய்வது முதல் பார்வைக்கு நன்றாகவே உதவும். எங்கள் ஆய்வகத்திலும் ஒன்று இருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். சோதனைக் குழாயில் தண்ணீரை அளந்து ஊற்றி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் ரோஜா நிறத்திலேயே நிற்கும். ஏற ஏற ஆரஞ்சாகி மஞ்சளாகும். இருபது குழாய்களை வரிசையாக வைத்துவிட்டு, தன் வீட்டுக் குழாய் என்ன நிறம் என்று ஒவ்வொரு பிள்ளையும் எட்டிப் பார்க்கும். மஞ்சளைக் கண்ட பிள்ளையின் முகத்தை நான் மறக்கவில்லை.

கூடத்துக்குக் கொண்டுபோக, சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்பி மூடுங்கள். கிருமிப் பரிசோதனையும் வேண்டுமானால் அதற்குக் கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களே தருவார்கள். வீட்டுப் பாட்டில் ஆகாது. எடுத்த தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஃபுளோரைடு 1.5-க்கு மேல் வந்தால் ஆர்.ஓ. வாங்குவதில் தப்பில்லை. அதற்குள் இருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பெயர் மெம்பிரேன். நல்ல மெம்பிரேன் பெரும்பகுதி ஃபுளோரைடைப் பிடித்துவிடும். குடிக்கவும், சோறு, குழம்பு வைக்கவும், பாலில் கலக்கவும் அந்தத் தண்ணீரையே எடுங்கள். பலர் குடிக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்துவிட்டு, அரிசியைப் போர் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். மெஷின் வைத்து ஆறு மாதம் கழித்து, வெளியே வரும் தண்ணீரையும் ஒரு தடவை சோதியுங்கள். மெம்பிரேன் தேய்ந்துபோனால் மெஷினில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், ஃபுளோரைடும் வந்துகொண்டேதான் இருக்கும். ரிப்போர்ட்டில் அளவு 1-க்குள் வந்து, உப்பும் அதிகமில்லை என்றால் 16,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.

ரிப்போர்ட் வரும் வரை பையனுக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீர் வரும் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து பிடித்துக் காய்ச்சி ஆற வைத்துக் கொடுங்கள். பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் கொடுங்கள். கட்டன் சாயா கொடுத்துப் பழக்காதீர்கள், தேயிலையிலேயே ஃபுளோரைடு உண்டு.

*

போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடாதா?
— வேலந்தாவளம் வாசகர்

போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், அதனால் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். கொதிக்க வைப்பது கிருமிக்கு.

*

எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வருகிறது. திறந்ததும் முதலில் செந்நிறமாக வரும். அப்புறம் தெளிந்தால் பிளீச்சிங் பவுடர் நெடி. மாமியார் அதைக் குடிக்கவே மாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டில் குழாயிலேயே மோட்டார் மாட்டி இழுக்கிறார்கள். இந்தத் தண்ணீருக்கு எந்த ஃபில்டர் நல்லது?
— கொழிஞ்சாம்பாறை வாசகி

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அந்த நெடி நல்ல அறிகுறி. சுத்திகரிப்பு நிலையத்தில் போட்ட குளோரின் அத்தனை தூரம் குழாயில் வந்த பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. நெடி துளியும் இல்லாத நாளில்தான் நான் கவலைப்படுவேன். வாயகன்ற பாத்திரத்தில் பிடித்துச் சுத்தமான துணியால் மூடி வைத்தால் நெடி மெல்லக் குறைந்துவிடும், காய்ச்சினால் போயே போய்விடும்.

செந்நிறம் பெரும்பாலும் பழைய இரும்புக் குழாயின் துரு. முதல் ஒன்றிரண்டு பக்கெட்டைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு பிடியுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தண்ணீர் வராத நாளில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. எங்காவது விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடை ஓடினால், அந்தத் தண்ணீர் குழாய்க்குள் கசியும். மறுநாள் முதலில் வருவது அதுவாகவும் இருக்கலாம்.

பக்கத்து வீட்டு மோட்டாரைப் பற்றி எழுதினீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம். மெயின் குழாயிலிருந்து மோட்டார் நேராக உறிஞ்சும்போது தெரு முழுக்க இருக்கும் விரிசல் வழியே வெளியில் இருக்கும் அழுக்கு உள்ளே இழுக்கப்படுகிறது. அது அவர்கள் வீட்டுத் தொட்டிக்கு மட்டும் போகாது, உங்கள் வீட்டுக்கும் வரும். அவர்களிடம் பக்குவமாகப் பேசுங்கள். குழாய்த் தண்ணீரைத் தரைத்தொட்டியில் விழவிட்டு, அங்கிருந்து மோட்டார் வைத்து மேலே ஏற்றலாம், அதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஃபில்டருக்கு வருகிறேன். உங்கள் குழாயில் வருவது சுத்திகரித்த ஆற்றுத் தண்ணீர் என்றால் பயம் கிருமியில்தான், உப்பில் இல்லை. அதற்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிற மெஷின்தான் பல வீடுகளில் இருக்கிறது. நம் ஊரில் அது பெரும் பாவம்.

யு.எஃப். என்று விற்கும் ஃபில்டரில் நூல் போன்ற மெல்லிய குழல்கள் இருக்கும். அதன் துளைகள் பாக்டீரியாவை நிறுத்திவிடும். கரண்ட் வேண்டாம், மேல்தொட்டி அழுத்தமே போதும். யு.வி. எனும் புற ஊதா விளக்கு வைரஸையும் செயலிழக்க வைக்கும், ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான். கலங்கல் இருந்தால் அதன் நிழலில் கிருமி தப்பித்துவிடும், கரண்ட் போனாலும் வேலை நடக்காது. இரண்டிலும் கார்பன், அதாவது கரி அடைத்த ஒரு வடிகட்டி, சேர்ந்திருக்கும், நெடியை எடுப்பது அதுதான். அதைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் அதற்குள்ளேயே பாக்டீரியா குடியேறிவிடும். கையில் காசு குறைவாக இருந்தால் இது எதுவுமே வேண்டாம். தெளிந்த தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துக் குடியுங்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதுதான்.

மேல்தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வண்டலை வெளியேற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நிரப்பிய பிறகு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து உபயோகியுங்கள். பவுடர் புதிதாக இருக்க வேண்டும். மூடி திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது.

*

கல்யாண வீட்டில் பதிமுகம் என்ற மரக்கட்டை போட்டு ரோஜா நிறத்தில் வெந்நீர் கொடுக்கிறார்கள். தைரியமாகக் குடிக்கலாமா?
— சித்தூர் வாசகர்

முழுக்கக் கொதிக்க வைத்து, தானாக ஆறியது என்றால் குடிக்கலாம். ஆனால் பந்தியில் ஆள் உட்கார்ந்த அவசரத்தில் கொதித்த தண்ணீரோடு பச்சைத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றி விளாவிவிடுகிறார்கள். நிறம் அப்படியே ரோஜாவாக இருக்கும், வெதுவெதுப்பாகவும் இருக்கும், கொதிக்க வைத்த பலன் மட்டும் போய்விடும். மஞ்சள் காமாலை இப்படித்தான் பரவுகிறது. கேரள சுகாதாரத் துறை வருடா வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 2024-ல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்ஙூரில் குடிநீர் வழியாக இருநூறு பேருக்கு மேல் காமாலை வந்ததைப் படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் முந்தின நாள் ராத்திரியே காய்ச்சி, மூடி வைத்து ஆறவிடச் சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

*

எங்கள் அம்மா பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரசித் தண்ணீரைத் தெளியவைப்பார். செம்புக் குடத்தில்தான் வைப்பார். தொண்ணூறு வயது வரை இருந்தார். இந்த மெஷின் எல்லாம் எதற்கு?
— நாட்டுக்கல்லிலிருந்து ஒரு விவசாயி

ஐயா, உங்கள் அம்மா செய்தது இரண்டும் சரி. தேற்றாங்கொட்டை சேற்றைத் திரட்டி அடியில் உட்காரவைக்கும். முருங்கை விதைக்கும் அந்தக் குணம் உண்டு. செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க வைத்த தண்ணீரில் பாக்டீரியா நன்றாகக் குறையும், பளபளவென்று தேய்த்த குடமாக இருந்தால். ஆனால் அந்தக் காலத்துக் குடிதண்ணீர் பதினைந்து, இருபது அடிக் கிணற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ வந்தது. இன்று நீங்கள் குடிப்பது பல நூறு அடி ஆழத்தில் பாறை இடுக்கில் வருடக்கணக்காக ஊறிய தண்ணீர். கொட்டைக்கும் குடத்துக்கும் அந்தப் பாறை உப்பை எடுக்கத் தெரியாது.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 1937-லேயே பழைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில் ஃபுளோரைடால் முதுகு வளையாமல் இறுகிப்போனவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். பிற்பாடு நாக்பூரில் இருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஃபுளோரைடை இறக்கும் முறையைக் கண்டுபிடித்து, நல்கொண்டா முறை என்று பெயர் வைத்தது. படிகாரம் என்றதும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். அளவு தப்பினால் அலுமினியம் தண்ணீரில் தங்கிவிடும்.

*

ஃபுளோரைடு 2.4 இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததால் ஆர்.ஓ. வாங்கிவிட்டோம். கழிவுத் தண்ணீர் நிறைய போகிறது. வீணாக்காமல் மாட்டுக்கு வைக்கிறேன். சரிதானே?
— வண்ணாமடையிலிருந்து பால் ஊற்றும் ஒரு வாசகி

வீணாக்கக் கூடாது என்ற உங்கள் மனசு சரி, மாட்டுக்கு வைப்பது சரியில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் 2.4 என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், மூன்று லிட்டர் கழிவு. மெம்பிரேன் தடுத்த ஃபுளோரைடு எல்லாம் அந்த மூன்று லிட்டரில் சேர்வதால், அதில் லிட்டருக்கு 3.1 மில்லிகிராம் ஆகிறது. மாட்டுக்கும் பல் தேயும், கால் இறுகும், படுத்த மாடு எழுந்திருக்கச் சிரமப்படும். கறவை நாளுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் வீடு துடையுங்கள், கக்கூஸுக்கு ஊற்றுங்கள், தொழுவத்தைக் கழுவுங்கள். மாட்டுக்குக் கிணற்றுத் தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ கிடைக்கிற நாளில் அதையே காட்டுங்கள்.

*

எங்கள் காலனியில் நாற்பது வீடுகள். பஞ்சாயத்து போட்ட ஒரே போர், ஒரே டேங்க், எல்லோருக்கும் அதிலிருந்துதான் குழாய். எங்களில் யாராலும் மெஷின் வாங்க முடியாது. அங்கன்வாடியும் இதே தண்ணீர். பிள்ளைகளின் பற்களைப் பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?
— வடகரப்பதிப் பக்கம் ஒரு காலனியிலிருந்து, ஏழு பெண்கள் கையெழுத்திட்டு

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வீட்டுக்கு வீடு மெஷின் என்பது உங்களுக்கான பதில் இல்லை. இது பஞ்சாயத்து தீர்க்க வேண்டிய காரியம், நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய உரிமை.

முதலில் அந்த டேங்க் தண்ணீருக்கு எழுத்தில் ரிப்போர்ட் வேண்டும். வாயால் சொன்னால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏழு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சாம்பிளை வாட்டர் அத்தாரிட்டி கூடத்தில் கொடுங்கள். பக்கத்தில் திறந்த கிணறு ஏதாவது இருந்தால் அதிலும் ஒரு சாம்பிள் எடுங்கள், அதில் அளவு குறைவாக இருக்கலாம். இருந்தால் அதைச் சுத்தம் செய்து, மூடி போட்டு, குளோரின் போட்டு, குடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் போதும், ஃபுளோரைடு தோல் வழியாக ஏறாது.

அப்புறம் கிராம சபை. கேட்பதைத் திட்டமாகக் கேளுங்கள். ஆற்றுத் தண்ணீர்க் குழாயை உங்கள் காலனி வரை நீட்ட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) தண்ணீர் மணக்கடவு வழியாக நம் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வர வேண்டும். அந்தப் புழையின் தாலுகாவில் இருந்துகொண்டு உங்கள் பிள்ளைகள் பாறைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. அது வரும் வரை குடிநீருக்கு லாரித் தண்ணீரோ, காலனிக்குப் பொதுவாக ஒரு ஃபுளோரைடு நீக்கும் நிலையமோ வேண்டும் என்பது இரண்டாவது. அதை யார் பராமரிப்பார்கள் என்பதையும் தீர்மானத்திலேயே எழுத வையுங்கள். வடிகட்டும் சரக்கை மாற்ற ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் நிலையங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கன்வாடிக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர்த் தொட்டி என்பது மூன்றாவது. மழைத்தண்ணீரில் பாறை ஃபுளோரைடு கிடையாது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு சேர்த்தால், முப்பது சின்னப் பிள்ளைகளுக்குக் குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் நிறைய நாள் வரும்.

மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். கேரள ஆட்சி மொழிச் சட்டம் நம் மாதிரித் தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதியில் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. மலையாளத்தில் எழுதத் தெரியவில்லையே என்று தயங்கி நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ரிப்போர்ட் வந்ததும் பத்திரிகை முகவரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த கிராம சபைத் தேதியையும் எழுதுங்கள். நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன், மனுவைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.